மூன்றாம் கிண்ணம்

என் தோழி பில்சூன் இறந்துவிட்டாள் என்று அவள் மகன் தொலைபேசியில் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, தேதி. அன்று செப்டம்பர் முப்பது. நாளை மறுநாள் காலை அவளை எடுப்பார்கள். அதற்கு அடுத்த நாள், அக்டோபர் மூன்றாம் தேதி, வானம் திறந்த திருநாளன்று, மானி மலை உச்சியில் இருக்கும் கல் பீடத்தில் நான் வானத்துக்கு மூன்றாம் மதுக் கிண்ணம் படைக்க வேண்டும்.

சாவு வீட்டுக்குப் போனவர்கள் பீடத்தில் ஏறக் கூடாது. கிண்ணம் படைக்கிற மூன்று பேரும் சடங்குக்கு முந்தைய ஒரு வாரம் துக்க வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, அங்கே ஒரு வாய் சாப்பிடக் கூடாது, யாரோடும் சண்டை போடக் கூடாது. எங்கள் தீவில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது.

"சித்தி, கேக்குறீங்களா?" என்றான் பையன். "அம்மா சொல்லி வச்சிருக்காங்க. நீங்க வரக் கூடாதாம். வந்தா எந்திரிச்சு ஒக்காந்து திட்டுவாங்களாம். அதைச் சொல்லத்தான் முதல்ல உங்களைக் கூப்பிட்டேன்."

அவன் சிரிக்க முயன்றான்.

பத்து நாள் முன்னால்தான் ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தேன். முகம் சுருங்கிக் கைக்குள் அடங்கும் அளவுக்கு ஆகியிருந்தது. என் முகத்தைப் பார்த்தவுடன் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கவலைப்படாதேடி. நான் செத்தாலும் மூணாம் தேதி தாண்டித்தான் சாவேன். நீ மேல போய் கிண்ணத்தை வச்சுட்டு வந்து, என்ன நடந்துச்சுன்னு ஒண்ணு விடாம சொல்லணும். அதுவரைக்கும் இந்த ஊசியெல்லாம் குத்தட்டும்."

வாழ்க்கையில் அவள் சொன்ன சொல் தவறியது அந்த ஒரு முறைதான்.

மலையடிவாரத்தில் அவளுடையது கத்தியால் வெட்டிய நூடுல்ஸ் போடும் கடை. பக்கத்துக் கடை என்னுடையது. மாசிப்பத்திரிக் கீரையைக் காய வைத்தும், என் கணவர் விளைவிக்கும் சர்க்கரைவள்ளியை மூட்டை கட்டியும் விற்பேன். மலையேறி இறங்கி வருகிறவர்கள் அவளிடம் சாப்பிட்டுவிட்டு என்னிடம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். புத்தாண்டுக்கும் வானம் திறந்த நாளுக்கும் பீடத்தின் வேலியைத் திறந்து விடும்போது இருவரும் கடையை மூடிவிட்டு மேலே போவோம். பீடத்தின் அடிப்பாகம் வட்டம், மேல்பாகம் சதுரம். வட்டம் வானம், சதுரம் பூமி என்பார்கள். "பாரு, வானத்தைக் கீழ போட்டு பூமியை மேல வச்சிருக்கான். வானத்து மேல ஏறி நின்னுக்கிட்டே வானத்தைக் கும்பிடுறோம். கட்டுனவனுக்கு என்னா தைரியம்!" என்று ஒவ்வொரு முறையும் சொல்வாள். ஒவ்வொரு முறையும் அப்போதுதான் கண்டுபிடித்தவள் போலச் சொல்வாள்.

எங்கள் ஊர்ச் சடங்குக் குழுவில் கிண்ணம் படைக்கிறவர்கள் எப்போதும் ஆண்கள்தான். இந்த வருஷம் தலைவர் கூ என் கடைக்கு வந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "மூணாவது கிண்ணத்தை நீங்க எடுக்கணும்னு குழுவுல பேசிருக்கோம்" என்றார். மாசிப்பத்திரி கட்டு எத்தனை வேண்டும் என்று நான் கேட்டேன். எனக்கு அவர் சொன்னது காதில் ஏறவே இல்லை.

நான் மூத்த மருமகள். என் கணவர் வீட்டு முன்னோர்களுக்கு வருஷத்தில் எத்தனை படையல் உண்டோ அத்தனைக்கும் சமைத்திருக்கிறேன். மீன் எந்தப் பக்கம், இறைச்சி எந்தப் பக்கம், சிவந்த பழம் கிழக்கே, வெளுத்தது மேற்கே என்று கண்ணை மூடிக்கொண்டு அடுக்குவேன். ஆனால் மதுவை ஊற்றி விழுந்து வணங்குகிற நேரத்தில் நான் அடுக்களை வாசலில் ஈரக் கையோடு நிற்பேன். இத்தனை காலமும் நான் பார்த்த சடங்கு என்பது ஆண்களின் முதுகுதான். கணவர் முதுகு, கொழுந்தன் முதுகு, வளர வளர அகலமாகிக்கொண்டே போன மகன் முதுகு. ஒரே ஒரு முறை அந்த முதுகுகளுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இது பக்தியா, ஆசையா, வெறும் வீம்பா என்று எனக்கே தெரியவில்லை. மூன்றும் கலந்திருக்கலாம். அதோடு இன்னொன்றும் உண்டு. ஊரில் எல்லாருக்கும் நான் 'தாவொன் அம்மா'. அங்கே, பீடத்தில், உரத்த குரலில் 'ஹாம் யோங்நான்' என்று என் பெயரைச் சொல்லி அழைப்பார்கள்.

பில்சூனிடம் சொன்னபோது அவள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, வாடிக்கையாளர்கள் முன்னாலேயே என்னைத் தூக்கிச் சுற்றினாள். அதன் பிறகு தினமும் மதியக் கூட்டம் ஓய்ந்ததும் அவள் கடையில்தான் பயிற்சி. சூப் கிண்ணத்தில் தண்ணீரை ஊற்றிக் கையில் கொடுப்பாள். நான் அதை நெற்றிக்கு உயர்த்தி, மேஜையில் வைத்து, கைகளைக் கோத்து வணங்க வேண்டும். நல்ல காரியத்தில் பெண்களுக்கு வலது கை மேலே, இடது கை கீழே. சாவில் அது மாறும், இடது மேலே வரும். நான் பதற்றத்தில் மாற்றி மாற்றி வைப்பேன்.

"வலது மேல! வலது மேலடி! நீ என்ன வானத்துக்கு எழவு விசாரிக்கப் போறியா?"

கோடை முழுக்க அப்படிப் போனது. கோடை முடியும்போது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். என் கைகள் அதற்குள் பழகிவிட்டிருந்தன. தூக்கத்தில் கோத்தாலும் வலதுதான் மேலே வரும்.

"போகணும்னா போயிட்டு வா," என்றார் என் கணவர் அன்று சாயங்காலம். "யாருக்குத் தெரியப் போவுது?"

"வானத்துக்குத் தெரியாதா?"

"வானம் என்ன, சாவு வீட்டு வாசல்ல நின்னு ஆள் கணக்கா எடுக்குது?"

நான் காய்ந்த கீரைக் கட்டுகளை அவிழ்த்து மறுபடி கட்டினேன். அவர் கொஞ்ச நேரம் கழித்து, "போகாட்டியும் பில்சூன் கோவிச்சுக்க மாட்டா. அவளே சொல்லிட்டாளே," என்றார்.

அதுதான் என்னைக் குத்தியது. அவள் அனுமதி கொடுத்துவிட்டாள். அனுமதி இல்லாமல் இருந்திருந்தால் நான் அவளைப் பழிக்கவாவது செய்திருக்கலாம்.

மறுநாள் ஒரு யோசனை தோன்றியது. ஆஸ்பத்திரித் துக்கக் கூடத்துக்குள் போக வேண்டாம். வண்டி நிறுத்துமிடம் வரை போவது. அங்கிருந்தே குனிந்து ஒரு வணக்கம் போட்டுவிட்டு வந்துவிடுவது. வாசலை மிதித்தால்தானே தீட்டு? வண்டி நிறுத்துமிடம் எல்லாருக்கும் பொது. இப்படியெல்லாம் வக்கீல் மாதிரி யோசிக்க எனக்கு எங்கிருந்து வந்தது என்று வழி முழுக்க வெட்கமாக இருந்தது. கணவர் லாரியை ஓட்டினார்.

வண்டி நிறுத்துமிடத்தில் கிங்கோ மரத்துப் பழங்கள் விழுந்து நசுங்கி நாறிக்கொண்டிருந்தன. கூடத்தின் கண்ணாடிக் கதவுக்கு இரண்டு பக்கமும் வெள்ளைச் செவ்வந்தி வளையங்கள். உள்ளே சுவரில் ஒரு பெரிய திரை. யார் எந்த அறையில் என்று படத்தோடு காட்டும். ஒரு தாத்தா வந்தார், போனார். அடுத்து பில்சூன் வந்தாள்.

சிவப்பு மலையேற்றச் சட்டை. காற்றில் பறக்கிற முடி. வாயை முழுசாகத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். துக்கப் படத்துக்கு யாரும் அப்படிச் சிரிக்க மாட்டார்கள். எந்தப் படம் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் முன்னால் புத்தாண்டுக் காலை, பீடத்துக் கல்லிலிருந்து முளைத்த மரத்தடியில், யாரோ ஒரு பையனிடம் கைப்பேசியைக் கொடுத்து நாங்கள் இருவரும் எடுத்துக்கொண்டது. அவள் மகன் என்னை வெட்டிவிட்டு அவளை மட்டும் எடுத்திருக்கிறான். ஆனால் முழுசாக வெட்ட முடியவில்லை. அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். படத்தின் ஓரத்தில் என் நீலச் சட்டையின் தோள் அப்படியே இருந்தது.

நான் ஏற்கெனவே உள்ளே இருந்தேன்.

கணவரிடம் திரும்பி, "நீங்க இங்கயே இருங்க," என்றேன். கதவு தானாகத் திறந்தது.

பையன் கறுப்புச் சூட்டும் கையில் துக்கத்துக்குக் கட்டும் சணல் பட்டையுமாக எழுந்து நின்றான். என்னைப் பார்த்ததும் வாய் கோணியது. நான் ஊதுவத்தி ஏற்றினேன். படத்துக்கு முன்னால் நின்று கைகளைக் கோத்து உயர்த்தினேன். முழங்காலை மடித்துக் குனிந்து, நெற்றி கைமேல் படுகிறபோதுதான் பார்த்தேன். வலது கை மேலே இருந்தது.

கோடை முழுக்க அவள் சொல்லிச் சொல்லிப் பழக்கிய கை. எழுந்து நின்று மாற்றியிருக்கலாம். இரண்டாவது வணக்கத்துக்கு நேரம் இருந்தது. மாற்றவில்லை. அதே கையோடு இன்னொரு முறை விழுந்தேன்.

பில்சூனின் அக்கா என் பக்கத்தில் வந்து, அழுது வீங்கிய கண்ணோடு காதில் கிசுகிசுத்தாள். "கை மாறிப்போச்சுடி யோங்நான்."

"தெரியும்க்கா."

"வானத்துக்குப் போட வேண்டிய கும்பிடை இவளுக்குப் போட்டுட்டே." மூக்கை உறிஞ்சினாள். "கொடுத்து வச்ச கழுதை."

பிறகு உட்கார்ந்து சாப்பிட்டேன். அங்கே கொடுக்கிற காரமான மாட்டிறைச்சிச் சூப், சோறு, முள்ளங்கி. பாதி ஊர் அங்கே இருந்தது. என்னைப் பார்த்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பையன் என் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"அம்மா திட்டுவாங்க சித்தி."

"வந்து திட்டச் சொல்லு," என்றேன்.

வீட்டு வாசலில் கணவர் தீட்டுக் கழிய என் மேல் உப்பை அள்ளி வீசினார். கொஞ்சம் அதிகமாகவே வீசினார். முடியெல்லாம் உப்பு. உதறிவிட்டு, உள்ளே போகாமல், அப்படியே தலைவர் கூ வீட்டுக்கு நடந்தேன். யாருக்கும் தெரியாது என்பது இப்போது பொய்யாகிவிட்டது. அப்படி ஆகாமல் இருந்திருந்தாலும் போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது.

முதல் கிண்ணம் அவருடையது, அதனால் நான் அவர் பக்கத்தில் போகக் கூடாது. வெளிக்கதவுக்கு இந்தப் பக்கமே நின்றேன். அவர் முற்றத்தில் மிளகாய் காய வைத்துக்கொண்டிருந்தார்.

"தலைவரே, நான் பில்சூனைப் பாக்கப் போயிட்டு வந்துட்டேன்."

அவர் நிமிரவில்லை. ஒரு மிளகாயைத் திருப்பிப் போட்டார். "சாப்டீங்களா?"

"சாப்டேன்."

"எது, சூப்பா?"

"சூப்புதான்."

"அப்ப சரி." முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "வாசல்ல எட்டிப் பாத்துட்டு, சாப்பிடாம ஓடி வந்துட்டேன், கிண்ணம் எடுக்கலாமான்னு கேட்டிருந்தீங்கன்னா நான் உங்களை வேற மாதிரி நெனச்சிருப்பேன், தாவொன் அம்மா."

என் வக்கீல் யோசனையைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை. முகம் சூடாகியது.

"விதியை மாத்த முடியாது. அதை நான் வைக்கலை," என்றார்.

"மாத்தச் சொல்லி வரலை தலைவரே."

"மாத்தச் சொன்னா மாத்திடுவேனோன்னு பயமா இருக்கு. அதான் முந்திக்கிட்டேன்."

அந்தக் கிழவர் மேல் எனக்கு அப்போது வந்த மரியாதையை எப்படிச் சொல்வது? இளகிப் போகிற மனசும், இளகக் கூடாத இடமும் தெரிந்த மனிதர். நான் கதவுக்கு வெளியே நின்றபடியே தலை குனிந்தேன்.

அடுத்தது யாரை வைப்பது என்ற பேச்சு. ஏற்கெனவே 'ஒரு பெண்' என்று எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. அவர் அங்கேயே நின்று ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டார். தையல்கடைக்காரி பில்சூன் சாவுக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். மீன்கடைக்காரி இன்னும் அங்கேதான் இருந்தாள், பின்னால் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடத்து அம்மா சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"ஊர்ல ஒருத்தி மிச்சம் இல்லையா?" என்றார் தலைவர்.

ஒருத்தி இருந்தாள். என் நாத்தனார் ஓக்கியோங்.

அவளும் அடிவாரத்தில்தான் கடை வைத்திருக்கிறாள். தெருவுக்கு எதிர்ப்பக்கம், செம்முள்ளங்கியில் காரம் போட்டு ஊறவைத்த கிம்ச்சி. பல வருஷம் முன்னால் பில்சூன் தன் கடையில் சாப்பிட வந்தவர்களிடம், "எதிர்க்கடை கிம்ச்சி வாங்குங்க, வீட்டுக்கு உப்பு தனியா வாங்க வேண்டாம்," என்று வேடிக்கையாகச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். தெருவைத் தாண்டி அது ஓக்கியோங் காதுக்குப் போனது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. நடுவில் நான் எத்தனை முறை தூது போயிருப்பேன்! "வெளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லு," என்பாள் இவள். "வெளையாட்டுக்குக் கேக்கலைன்னு சொல்லு," என்பாள் அவள். பில்சூன் சாவுக்குப் போகாத ஒரே பெண், ஆகவே சுத்தமான ஒரே பெண், அவள்தான்.

"சண்டை போடக் கூடாதுன்னும் ஒரு விதி இருக்கே," என்றார் தலைவர் மெதுவாக.

"இந்த வாரம் போடலை தலைவரே."

அவர் ரொம்ப நேரம் மிளகாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஓக்கியோங் எண்ணை அழுத்தினார்.

மறுநாள் காலை பில்சூனைக் கொண்டுபோய் அவள் புருஷன் பக்கத்தில் புதைத்துவிட்டு வந்தோம். மத்தியானம் ஓக்கியோங் என் வீட்டுக்கு வந்தாள். சடங்கு அங்கி என்னிடம் இருந்தது. ஆண்களுக்குத் தைத்த அங்கி, எனக்காக ஓரத்தை மடித்துத் தைத்திருந்தேன். ஓக்கியோங் என்னைவிடக் குட்டை. இன்னும் மடிக்க வேண்டும். பெட்டியைத் திறக்க எழுந்தேன்.

"தொடாதே அண்ணி!" என்று கத்தினாள். "நீ சாவுச் சோறு தின்னவ. அங்க ஒக்காரு. அங்க இல்ல, இன்னும் தள்ளி. ஜன்னல்கிட்ட."

நான் ஜன்னலோரம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் அங்கியைத் தானே எடுத்து, தானே போட்டுப் பார்த்து, தானே ஊசியில் நூல் கோத்தாள். அவளுக்குத் தையல் வராது. நான் தூரத்திலிருந்து சொல்லச் சொல்ல, அவள் கோணலாகத் தைத்தாள்.

"அவ்ளோ பெருசா தையல் போடாதே. காத்துல பிஞ்சிடும்."

"பிஞ்சா பிய்யட்டும். நான் கேட்டேனா இந்தக் கிண்ணத்தை? முட்டி வலிக்குது. படியேறவே எனக்குப் பிடிக்காது. அந்தக் கிழவர் போன் பண்ணி, 'நீங்கதாம்மா சுத்தமா இருக்கீங்க'ங்கிறாரு. எனக்குக் கேக்கவே ஒரு மாதிரி இருந்துச்சு."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அவள் குனிந்து நூலைப் பல்லால் கடித்தாள்.

கிண்ணப் பயிற்சிக்கு சூப் கிண்ணம் கொண்டுவரச் சொன்னேன். அவள் உயர்த்தினாள், வைத்தாள், கைகளைக் கோத்தாள்.

"வலது மேல," என்றேன்.

"தெரியும்."

"தெரியும்னா ஏன் இடது மேல வருது?"

"வலது மேல, வலது மேல!" என்று என் குரலிலேயே நீட்டி முழக்கினாள். "நல்லதுக்கு வலது, கெட்டதுக்கு இடது. எங்கம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தா அண்ணி. நீ ஒண்ணும் புதுசா கண்டுபிடிக்கலை."

அவள் வாயில் அந்தச் சொற்களைக் கேட்டபோது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு கோடை முழுக்க என் காதில் ஒலித்த சொற்கள். அவள் அதைக் கவனித்தாளோ என்னவோ, கிண்ணத்துத் தண்ணீரை ஜன்னலுக்கு வெளியே கொட்டிவிட்டு, "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்றாள்.

மூன்றாம் தேதி காலை நானும் மலையேறினேன். மலை எல்லாருக்கும் பொது, பீடத்துக்கு வெளியே நிற்பதை யாரும் தடுக்க மாட்டார்கள். தலைவரும் மற்றவர்களும் முன்னால் போனார்கள். நான் நன்றாகப் பின்தங்கி நடந்தேன். பள்ளிக்கூடத்துப் பெண்கள் ஏழு பேர், வானத்துக் கன்னியராக ஆடுகிறவர்கள், பட்டுப் பாவாடையைத் தூக்கி இடுப்பில் கயிற்றால் கட்டிக்கொண்டு, கீழே ஓட்டக் காலணியோடு, மூச்சிரைக்கச் சிரித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தி வாயில் கிம்பாப் சோற்றுச் சுருள். தூரத்தில் ஓக்கியோங் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று இடுப்பில் கை வைத்து வானத்தை முறைப்பது தெரிந்தது.

உச்சியில் காற்று அடித்தது. தெற்கே கடல் உள்வாங்கியிருந்தது. சேறு வெளிவந்து, அதில் உப்புச்செடி சிவந்து கிடந்தது. விமானங்கள் தாழ்வாக இறங்கிக்கொண்டிருந்தன. வேலிக்கு உள்ளே போகிறவர்கள் போனார்கள். நான் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் போய், வட்டச் சுவருக்குக் கீழே ஒரு பாறையில் நின்றேன்.

இத்தனை வருஷத்தில் நான் அங்கே நின்றதே இல்லை. வேலி திறந்தவுடன் எல்லாரையும் போல நானும் நேரே மேலே ஏறிவிடுவேன். மேலே ஏறியவர்களுக்குச் சுவர் தெரியாது. இப்போது அது என் முகத்துக்கு முன்னால் இருந்தது. செதுக்காத கற்கள். சாந்து இல்லை. பெரிய கல்லுக்கும் பெரிய கல்லுக்கும் நடுவே விரல் நுழையாத அளவுக்குச் சின்னக் கற்களைச் செருகியிருந்தார்கள். யாரோ ஒருவர் அந்தச் சின்னக் கல்லைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, இது இங்கே சரியாக இருக்கும் என்று வைத்திருக்கிறார். அது இன்னும் அங்கே இருக்கிறது. எத்தனை அரசர்கள், எத்தனை படைகள், எத்தனை புயல். யார் கட்டியது என்று கதைகள் ஆயிரம் உண்டு. அந்தச் சின்னக் கல்லை வைத்தவரைப் பற்றி ஒரு கதையும் இல்லை. அவர் மேலே ஏறிக் கிண்ணம் படைத்திருப்பாரா? கீழேயே நின்று கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாரா? நான் அந்தக் கல்லில் உள்ளங்கையை வைத்தேன். வெயில் பட்டு இளஞ்சூடாக இருந்தது. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. அந்த நிமிஷம் பில்சூனைக்கூட மறந்து அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அழகாக இருந்தது.

மேலே, கல்லிடுக்கிலிருந்து முளைத்த அந்த மரம் பீடத்தின் ஓரத்தில் கிளைகளை விரித்து நின்றது. அதன் அடியில்தான் படம் எடுத்தோம். வேருக்கு மண் எங்கிருந்து கிடைக்கிறது என்று பில்சூன் குனிந்து தேடியிருக்கிறாள். கிடைத்ததில்லை.

சடங்கு தொடங்கியது. முறையைக் கூவுகிறவரின் குரல் காற்றில் துண்டு துண்டாக வந்தது. ஊதுவத்தி மணம். நான் நின்ற இடத்திலிருந்து பீடத்தில் இருப்பவர்களின் பக்கவாட்டுத் தோற்றம் தெரிந்தது, முதுகு அல்ல. தலைவர் கூ முதல் கிண்ணத்தை உயர்த்தினார். வயதான அந்தக் கை நடுங்கவே இல்லை. இரண்டாம் கிண்ணம் முடிந்தது.

"மூன்றாம் கிண்ணம் படைப்பவர்..."

என் கால் அசைந்தது. பாறையிலிருந்து ஒரு அடி இறங்கியே விட்டேன். உடம்புக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

"...பியோன் ஓக்கியோங்!"

நான் மறுபடி ஏறி நின்றேன். கண் கரித்தது. யாராவது கேட்டால் வருத்தமே இல்லை என்று சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அது பொய். அந்தப் பெயர் காற்றில் போய்க் கடலுக்கு மேல் கரைகிற வரை எனக்கு என் பெயர் வேண்டும் போலத்தான் இருந்தது.

ஓக்கியோங் முன்னால் வந்தாள். அங்கியின் ஓரம் ஒரு பக்கம் பிரிந்து தொங்கியது. முட்டி வலிக்கிறவள் மாதிரி நடக்கவில்லை. நேராக, மெதுவாக, தரையைப் பார்த்தபடி நடந்தாள். கிண்ணத்தை வாங்கி நெற்றிக்கு உயர்த்தினாள். வெயில் அதன் பித்தளை விளிம்பில் பட்டது. வைத்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. பல வருஷமாக எதிர்க்கடையில் நான் பார்த்துப் பழகிய அந்தப் பெண்ணுக்குள் இப்படி ஒருத்தி இருப்பது எனக்குத் தெரியாது.

பிறகு வணங்குவதற்குக் கைகளை உயர்த்தினாள். காற்று என் பக்கம் இருந்த அகலமான சட்டைக் கையைத் தோள் வரை தள்ளியது.

இடது கை மேலே இருந்தது.

எழுந்து இரண்டாவது முறை வணங்கினாள், அதே இடது. மூன்றாவது, இடது. நான்காவது முறையும் இடது. மற்றப் பக்கங்களில் துணி கையை மறைத்தது, அங்கே நின்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. கீழே, மேற்குப் பக்கம் நின்றவளுக்கு மட்டும் தெரிந்தது.

எல்லாம் முடிந்து, ஏழு பெண்களும் ஆடி முடித்து, காலணிகளைத் தேடிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது, ஓக்கியோங் அங்கியைச் சுருட்டிப் பிடித்தபடி சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள். கையில் காகிதக் கோப்பையில் படைத்த மது, இன்னொரு கையில் மாசிப்பத்திரி அரிசிக் கேக்.

"கீழ வை, நான் எடுத்துக்கறேன்," என்றேன்.

"அட, முடிஞ்சுபோச்சு அண்ணி. இனிமே தொட்டுக்கலாம்." என் கையைப் பிடித்து இழுத்துக் கோப்பையை அதில் வைத்தாள். அவள் விரல்கள் ஜில்லென்று இருந்தன. "மூணாவது கிண்ணத்துல இருந்து ஊத்தச் சொல்லி வாங்கிட்டு வந்தேன். கெழவர் ஒண்ணும் சொல்லலை."

"ஓக்கியோங், கை..."

"என்ன கை?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். "ஒண்ணுமில்ல. நல்லாப் பண்ணே."

அவள் பாறையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேக்கை இரண்டாகப் பிய்த்து ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு, மற்றதைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தாள். சேற்றுவெளியைப் பார்த்துக்கொண்டே, "கூட்டம் நெறையவா?" என்றாள்.

எங்கே என்று நான் கேட்கவில்லை. "நெறைய."

"படத்துல எப்படி இருந்தா?"

"சிரிச்சுக்கிட்டு. வாயெல்லாம் பல்லு."

"அவளுக்கு வேற எப்படி இருக்கத் தெரியும்?" ஒரு விமானம் போயிற்று. "சூப் நல்லாருந்துச்சா?"

"உப்பு கம்மி."

ஓக்கியோங் சிரித்தாள். மூக்கு வழியாகச் சட்டென்று வந்த சிரிப்பு. "அவ மட்டும் அங்க ஒக்காந்திருந்தா, எதிர்க்கடை கிம்ச்சியில ஒரு துண்டு எடுத்துப் போடுங்கன்னு சொல்லியிருப்பா," என்றாள். சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்தது. அந்த அகலமான சட்டைக் கையை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று நான் பார்க்கவில்லை. அங்கி அழுக்காகுதே என்று மட்டும் ஒரு நொடி தோன்றியது.

நான் கோப்பையிலிருந்து ஒரு வாய் குடித்தேன். லேசாகப் புளித்திருந்தது. பிறகு எழுந்து சுவர் பக்கம் போய், மிச்சத்தை அந்தச் சின்னக் கல்லின் இடுக்கில் இரண்டு கையாலும் மெதுவாக ஊற்றினேன். கல் அதைச் சத்தமில்லாமல் குடித்தது. கைகளைக் கோத்தேன். எந்தக் கை மேலே இருந்தது என்று பார்க்கவில்லை.

"முழுசையும் ஊத்திட்டியா?" பின்னாலிருந்து ஓக்கியோங் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள். "எனக்கு ஒரு வாய் வச்சிருக்கக் கூடாது?"